கொலெலிலிருந்து வேலைக்கு: எட்டு மாத கோடிங் வகுப்பா, ஐந்து வருடப் பட்டமா?

ஜெருசலேமில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி, செய்த மூன்று வருடமும் நான் குடியிருந்தது ஒரு ஹரேதி, அதாவது மிகக் கட்டுப்பாடான ஆசாரமுள்ள யூதரின் வீட்டு மாடியில். அவர் மருமகனுக்கு 29 வயது, நான்கு பிள்ளைகள். கல்யாணமான நாளிலிருந்து கொலெலில் படிக்கிறவர். கொலெல் என்பது கல்யாணமான ஆண்கள் முழுநேரமும் தல்மூத் என்கிற யூதச் சட்ட விவாத நூலைப் படிக்கும் இடம். மாதாமாதம் சின்னதாக ஓர் உதவித்தொகை உண்டு. அப்படிப் படிப்பவருக்கு அவ்ரேக் என்று பெயர். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "டாக்டர், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகணும்னா எது சரி? எட்டு மாச வகுப்பா, கல்லூரியா?" என்றார்.

யோசிக்காமல் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் நான் அப்போதுதான் ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் தனியார் வேலைக்குப் போக முடிவுசெய்து, ஆறு மாத டேட்டா சயின்ஸ் வகுப்பு ஒன்றை முடித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்திருந்தது. எனக்கு ஒத்துவந்தது அவருக்கும் ஒத்துவரும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

வெளிப்படையான விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். வகுப்பு சீக்கிரம் முடியும், செலவு குறைவு, வீட்டில் பொறுத்துக்கொள்ள வேண்டிய காலமும் குறைவு. பட்டம் என்றால் மெகினா என்கிற ஆயத்தப் படிப்பே ஏறக்குறைய ஒரு வருடம், அப்புறம் மூன்று நான்கு வருடம். ஆனால் பட்டத்துக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். 2022க்குப் பிறகு இஸ்ரேலில் புதியவர்களுக்கான டெக் வேலைகள் சுருங்கியதில், பட்டம் இல்லாமல் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: சமூகத்துக்குள்ளேயே வேலை. ஹோட்டல் சமையலறையில் கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளுக்கான மேற்பார்வை, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, அல்லது தோரா என்கிற யூத வேதத்தைச் சுருளில் கையால் எழுதுவது. ஒரு சுருளில் 3,04,805 எழுத்துகள். எழுதி முடிக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். மதிப்பான வேலைகள்தான். ஆனால் மருமகனுக்குக் கையெழுத்து சரியில்லை, பிள்ளைகளிடம் பொறுமை கிடையாது. அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

சரி, வகுப்பில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வு முழுக்கத் தர்க்கப் புதிர்கள். அதில் முதல் சிலரில் ஒருவராக வந்தார், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காலையிலிருந்து இரவு வரை ஹவ்ரூதா எனப்படும் படிப்புத் துணையோடு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஒரு வரிக்குப் பழைய உரையாசிரியர் ராஷி என்ன சொன்னார், தோசஃபோத் என்கிற பிந்தைய உரை அதை ஏன் மறுத்தது என்று வாதாடிப் பழகிய மூளை அது. மூன்றாவது வாரம் கதை மாறியது. திரையில் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வந்தது. அதை ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டு இரவு பத்து மணிக்கு என் கதவைத் தட்டினார். 'இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்'. நான்கு சொல்லில் ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் நிகழ்தகவு, லாகரிதம். ஐந்தாவது வாரம் நின்றுவிட்டார். கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணமே இந்த அடித்தளம்தான். ஹரேதி ஆண் பிள்ளைகள் பெரும்பாலோர் பதின்மூன்று, பதினான்கு வயதில் யெஷிவா என்கிற தல்மூத் பள்ளிக்குள் போனால் அதன்பின் கணக்கும் ஆங்கிலமும் கிடையாது. பெண்களுக்கு அப்படியில்லை. அவர்களுடைய பள்ளிகளில் இரண்டும் உண்டு, பிறகு செமினரியில் புரோகிராமிங்கூடச் சொல்லித்தருகிறார்கள். ஹரேதிப் பெண்களில் ஐந்தில் நான்கு பேர் வேலைக்குப் போக, ஆண்களில் பாதிக்குச் சற்று மேல்தான் போகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். நம்பிக்கை சார்ந்த காரணமும் இருக்கிறது: படிப்பே தொழில் என்ற கொள்கை. ராணுவம் இன்னொரு காரணம்: முழுநேரம் படிக்கிறவரைதான் விலக்கு கிடைத்துவந்தது.

வகுப்பை விட்டபின் வாரம் இரண்டு இரவு அவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் தல்மூத் தொகுதி இருக்கும், அதற்கடியிலிருந்து கணக்கு நோட்டை உருவுவார். புனித நூலின்மேல் வேறு புத்தகத்தை வைக்கக் கூடாது அல்லவா. மைனஸ் எண்ணைக் கடன் என்றதும் பிடித்துக்கொண்டார். 'எக்ஸ்' வந்ததும் வண்டி நின்றது. "எக்ஸ் எத்தனை?" என்றார். அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். அவர் முகத்தில் குழப்பம். எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. அலெஃப் என்றால் 1, பெத் என்றால் 2. நாலு வயதிலிருந்து எழுத்தைப் பார்த்ததும் எண் தெரிந்துவிடும் மனிதரிடம், எண் தெரியாத எழுத்து ஒன்றை நீட்டினால்?

வழி அவருடைய புத்தகத்திலேயே இருந்தது. தல்மூதின் ஒரு பகுதியான பாபா மெட்சியாவின் முதல் மிஷ்னா (தல்மூதின் மூல வாசகம்): இருவர் ஒரு மேலாடையைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவன் முழுதும் என்னுடையது என்கிறான், மற்றவன் பாதி என்னுடையது என்கிறான். முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால். ஏன்? ஒரு பாதிக்குச் சண்டையே இல்லை, சண்டையுள்ள பாதியை மட்டும் சமமாகப் பங்கிடு. இதே விதிதான் கேத்துபோத் என்கிற இன்னொரு பகுதியில் வரும் மூன்று மனைவியர் கணக்குக்கும் சாவி என்று காட்டினேன். செத்தவன் அவர்களுக்குத் தர வேண்டியது 100, 200, 300. சொத்து 200 மட்டும் இருந்தால் பங்கு 50, 75, 75 என்கிறது மிஷ்னா. நூற்றாண்டுகளாக உரையாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இடம். முதல் இருவர் பங்கைச் சேர்த்தால் 125. முதல் மனைவி கேட்பது 100தான், ஆக 25 தானாக இரண்டாமவளுக்குப் போகிறது. மீதி 100க்குத்தான் சண்டை, ஆளுக்குப் பாதி: 50, 75. இதை 1985இல் விளக்கிய கட்டுரை ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் எழுதியது. ஆமனுக்கு 2005இல் பொருளாதார நோபல் கிடைத்தது, எங்கள் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்காரர். "125 இருக்கிற இடத்தில் எக்ஸ் போடலாமே" என்று மருமகனே சொன்னார். அன்றைக்குப் பாடம் நள்ளிரவு தாண்டியும் ஓடியது.

ஆக, மூளையில் குறை இல்லை. குறை, நடுவே கட்டப்படாமல் விட்ட பதினைந்து வருடப் படிக்கட்டு. எட்டு மாத வகுப்பு அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறது. மெகினா உட்கார்ந்து படியைக் கட்டுகிறது. நான் குதித்தேன், உண்மை. எனக்கு அடியில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பிஎச்.டி.யும் இருந்தன.

பட்டத்தில் இன்னொரு வசதியும் எனக்குப் பிடித்தது. 1969இல் தொடங்கிய லெவ் கல்வி மையம் மாதிரியான இடங்களில் காலை தல்மூத், அப்புறம் பொறியியல். கொலெலை ஒரேயடியாக அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. அப்பா கொலெலை விட்டார் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம், பெண்ணுக்கு வரன் எல்லாவற்றிலும் பேச்சு வரும். மருமகன் கொலெலை விட்டதே எபிரேய ஆவ் மாதம் 9ஆம் நாள் விரதம் முடிந்து கொலெல் விடுமுறை தொடங்கிய சமயத்தில்தான். மூன்று வாரம் எல்லாருமே வீட்டில் இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை.

பணம்? நான்கைந்து வருடம் மனைவி சம்பளத்தில் ஓட்ட வேண்டும், அதை மறைக்க முடியாது. அவர் புரோகிராமர், அதனால் முடிகிறது. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பட்டம் என்று சொல்லியிருக்க மாட்டேன். 2007இல் தொடங்கிய கெமாக் அறக்கட்டளை இப்படிப் படிப்பவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. கெமாக் என்றால் மாவு. 'மாவு இல்லையேல் தோரா இல்லை' என்கிற மிஷ்னா வரியை அறியாத அவ்ரேக் கிடையாது.

அமெரிக்காவில் இந்தத் தலைவலி பாதி. நியூ ஜெர்சி லேக்வுட்டில் உள்ள பெரிய யெஷிவா தல்மூத் படிப்புக்கே பட்டம் தருகிறது, அதை வைத்து நேராகக் கணக்கியல் முதுகலைக்கோ சட்டப் படிப்புக்கோ போகிறார்கள். ஆங்கிலம் வேறு வீட்டு மொழி. அங்கே இருப்பவர் கேட்டால் நான் குறுகிய வழியையே சொல்லக்கூடும்.

ஒரு வீட்டை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எட்டு மாத வகுப்பிலேயே கரையேறியவர்கள் உண்டு, எங்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தார். பையனாக இருக்கும்போதே ஆங்கிலம் பேசும் அம்மா வாய்த்தவர் அவர். அப்புறம், மருமகன் ராணுவ விலக்கு வயதைத் தாண்டியவர். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் யெஷிவா மாணவர்களையும் ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு அவருக்கு முதல் கேள்வியே வேறு.

நான் இப்போது சென்னையில். வெள்ளிக்கிழமைகளில் சப்பாத் என்கிற யூத ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன் அவரிடமிருந்து போன் வரும். மெகினாவில் கணக்கில் 86 வாங்கிவிட்டார். ஆங்கிலத் தேர்வில் தேறவில்லை. சுக்கோத் பண்டிகை முடிந்ததும் மறுபடி எழுதுகிறார்.