கெடுவைச் சரியாக எழுதித் தரும் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்

மனை ஒன்றுக்குக் கிரய ஒப்பந்தம் எழுதும் பொறுப்பை, எங்கள் ஊர்ச் சார் பதிவாளர் அலுவலகத்தை அடுத்துள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திடம் ஒப்படைத்தேன். பணம் செலுத்தும் கெடுவை அவர்கள் கையாண்ட முறை என்னை மிகவும் கவர்ந்தது.

விற்பவர் தந்த மாதிரியில், "ஆறு மாதக் கெடுவுக்குள் பாக்கித் தொகையைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்ள வேண்டியது; தவறினால் அட்வான்ஸை இழக்க வேண்டியது" என்ற வழக்கமான வாசகம்தான் இருந்தது. அசையாச் சொத்து விற்பனையில் கெடு கண்டிப்பானது, அதாவது தேதி தவறினாலே ஒப்பந்தத்தை விற்பவர் ரத்து செய்யலாம், என்று நீதிமன்றம் தானாக அனுமானிப்பதில்லை. அட்வான்ஸ் பறிபோகும் என்று எழுதியதாலேயே அது கண்டிப்பானதாகிவிடுவதும் இல்லை. ஆனால் இதை நம்பி அசட்டையாக இருக்கலாகாது என்று வழக்கறிஞர் ஒரு தமிழ்நாட்டு வழக்கைக் காட்டினார். 1981இல் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தத்தில் பாக்கித் தொகையின் ஒவ்வொரு தவணைக்கும் தேதி இருந்தது. தேதி தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும் என்றும் இருந்தது. பத்திரம் முடிப்பதோ வாங்குபவரின் வசதிக்கு விடப்பட்டிருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், பத்திரத்துக்குக் காலக் கண்டிப்பு இல்லாவிட்டாலும் பணத்துக்கு உண்டு என்று கூறி, விற்பவர் ரத்து செய்தது செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

ஆகவே எங்கள் ஒப்பந்தத்தில் பணத்துக்கும் பதிவுக்கும் தனித்தனித் தேதிகள் எழுதப்பட்டன. விற்பவர் வங்கிக் கடனை அடைத்து, தாய்ப்பத்திரத்தின் அசலையும் வில்லங்கச் சான்றையும் காட்டிய பிறகே என் கெடு ஓடத் தொடங்கும் என்ற வரியும் சேர்ந்தது. நான் கொடுத்த கட்டணம் அந்த ஒரு வரிக்கே தகும்.

குறை என்றால், காலவரம்பைப் பற்றி நானாகக் கேட்கும்வரை அவர்கள் சொல்லவில்லை. குறித்த தேதியிலிருந்து மூன்றாண்டுக்குள், கிரயம் செய்துதரக் கோரி வழக்குப் போடலாம் என்பதைப் பலர் பணம் கட்டுவதற்கான சலுகையாகவே எண்ணுகிறார்கள். மதுரை வீடொன்றுக்கு ஆறு மாதக் கெடுவில் ஒப்பந்தம் செய்துகொண்டவர் இரண்டரை ஆண்டுகள் வாளாவிருந்துவிட்டு வழக்குத் தொடுத்தபோது, விலையேற்றத்தையும் கருதி, 1997இல் உச்ச நீதிமன்றம் கிரயம் செய்துதர உத்தரவிட மறுத்தது. இதை முதல் சந்திப்பிலேயே அவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே வரைவை எடுத்துக்கொண்டு செல்பவர்களுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.