நான்கு வருடம், ஒரு செயலி, இரணைமடுக் கொக்குகள்

படத்தைக் காட்டினால் பறவையின் பெயர் சொல்லும் செயலி ஒன்று என் போனில் நான்கு வருடமாக இருக்கிறது. எது என்று சொல்லப்போவதில்லை. நான் பார்த்த அளவில் இந்த வகை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட ஒரு 60 மடங்கு சூம் கமரா. வீடு கிளிநொச்சியில் என்பதால் பெரும்பாலும் இரணைமடுக் குளம், லீவு கிடைத்தால் முல்லைத்தீவுப் பக்கம் நந்திக்கடல் களப்பு.

மயில், மீன்கொத்தி, மஞ்சள்மூக்கு நாரை இவற்றில் செயலி பிழைவிட்டதே இல்லை. ஆனால் அவற்றைச் சின்னப் பிள்ளையே சொல்லிவிடும். கஷ்டம் தொடங்குவது வெள்ளைக் கொக்கில்.

முதல் வருடம் அலைகரையில் நின்ற ஒரே கொக்கை ஐந்து படம் எடுத்தேன். மூன்றுக்குப் பெரிய கொக்கு என்றது, இரண்டுக்கு நடுத்தரக் கொக்கு என்றது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஐயா, “தம்பி, உது கொக்கு. உதுக்கு ஏன் போனைக் கேக்கிறாய்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

பிறகுதான் பார்க்க வேண்டிய இடம் புரிந்தது. அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்துக்குள் ஒரு மெல்லிய கோடு ஓடும். பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அலகின் நிறத்தை நம்பிப் பயனில்லை, முட்டையிடும் காலத்தில் இரண்டுக்கும் மஞ்சள் போய்க் கறுப்பு வரும். கழுத்தை ஒடுக்கி நின்றால் உயரமும் ஏமாற்றும். இப்போது முதல் படம் முழுப் பறவைக்கு, அடுத்த நாலைந்தும் முகத்துக்கு. செயலி என்ன சொன்னாலும் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் பெயர் எழுதுவேன்.

கரிக்குருவி இன்னொரு வகைத் தொல்லை. மின்கம்பியில் வெயிலுக்கு எதிராக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன், முழுக் கறுப்புக் கரிக்குருவி என்றது. அது இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரைப்பக்கம் காணப்படும் பறவை, எனக்கோ புளுகம். பத்து நிமிடத்தில் பறவை திரும்பியது, வயிறு வெள்ளை; அது வெள்ளை வயிற்றுக் கரிக்குருவி. நிழல் தின்ற படத்துக்குச் செயலி என்ன செய்யும்?

இடமும் திகதியும் கொடுக்காமல் விட்டால் கதை இன்னும் மோசம். மச்சான் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நந்திக்கடல் உள்ளானுக்கு (சேற்றில் இரை தேடும் பறவை) அமெரிக்கக் கரையில் திரியும் ஒன்றைக் காட்டியது. படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் இட, நேர விவரம் அழிந்துவிடும். இப்போது ஆவணமாக அனுப்பு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நந்திக்கடலுக்குப் போனால் ஒன்பது மணிக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கானல் ஆடும்; 60 மடங்கில் எடுத்தால் உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவையின் அலகு நெளிந்த கம்பி மாதிரி வரும். பெரிய மணல் உப்புக்கொத்தியா சின்னதா என்று தீர்மானிப்பதில் அலகின் நீளம்தான் பெரிய சாட்சி, அது நெளிந்தால் எதை அளப்பது? அந்தச் சின்னதையும் 2023 இல் சைபீரியம், திபெத்தியம் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். செயலியைப் புதுப்பித்த அன்று என் பழைய பட்டியலில் பெயர் மாறிக் கிடந்தது. அரை நாள் குழம்பினேன்.

சரி, வைத்திருக்கலாமா? வைத்திருக்கலாம். காசு கட்டத் தேவையில்லை, நாட்டுக்கான தொகுப்பை முன்பே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் முதல் பெயரோடு போனை மூடாதீர்கள், கீழே வரும் மற்றப் பெயர்களையும் தட்டிப் பாருங்கள். எனக்குப் பல தடவை விடை இரண்டாவதாகத்தான் இருந்தது.

உள்ளானில் மட்டும் இன்றுவரை தோல்விதான். வயலில் காலடியில் இருந்து எழும்பும், வளைந்து வளைந்து ஓடிவிடும். சாதாரண உள்ளான் என்றால் சிறகின் பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். ஊசிவால் உள்ளான் என்றால் வாலின் ஓர இறகுகள் ஊசி மாதிரி இருக்கும், அது விரித்துக் காட்டினால்தான் உண்டு. சேற்றில் குந்தியிருக்கும் படத்தில் இரண்டும் தெரியாது. செயலி தயங்காமல் ஒரு பெயர் சொல்கிறது. என்னிடம் 63 படங்கள் ‘உள்ளான்’ என்ற கோப்பில் அப்படியே கிடக்கின்றன. காலபோக (மாரிகால நெல்) வயலில் தண்ணீர் ஏறியதும் மறுபடி போகவேண்டும், இந்த முறை குந்தியிருப்பதை விட்டு எழும்பும்போது மட்டும் அமத்தலாம் என்றிருக்கிறேன்.