பெட்டி இல்லாத ஒரிஜினல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் எங்களுக்கு இருப்பது எச்பி டெஸ்க்ஜெட் 2135 பிரிண்டர். அதற்கு 680 நம்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது மைக்கூடு. பிள்ளைகளின் பயிற்சித் தாள், கோயில் கூட்ட அறிவிப்பு, பக்கத்து வீட்டாரின் விண்ணப்பப் படிவம் என்று மாதம் முழுக்க ஏதாவது ஓடும். மை தீர்ந்தால் மூன்று வழி: டவுன் கடை, இணையத்தில் மலிவாக விற்பவர், இணையத்திலேயே நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடை. மூன்றையும் பார்த்துவிட்டேன். இப்போது வாங்குவது மூன்றாவதில்தான்.

டவுன் கடையில் ஐந்தாறு வெள்ளி (ரிங்கிட்) கூட. ஆனால் நாளைக்குச் சோதனை, இன்றிரவு மை இல்லை என்றால் அந்தத் தவுக்கே (சீன முதலாளி) கடைதான் கைகொடுக்கும். ஊசியால் மை நிரப்பும் வேலையை ஒருமுறை செய்தேன். விரல் கறுத்ததுதான் மிச்சம்.

இணையத்து மலிவு விலைதான் என்னை ஏமாற்றியது. 'ஒரிஜினல், பெட்டி இல்லை, 25 வெள்ளி' என்று போட்டிருந்தார்கள். வந்தது ஒட்டுத்தாளில் 'செட்டப்' என்று அச்சடித்த கார்ட்ரிட்ஜ். புது பிரிண்டரோடு இலவசமாக வருவது அது. கடையில் விற்பதைவிட மை குறைவு. முதல் தடவை பொருத்துவதற்கென்றே செய்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என் பிரிண்டர் அதை ஏற்கவில்லை. விற்றவரைக் கேட்டால், "ஒரிஜினல்தானே அண்ணே!" அவர் சொன்னதும் பொய்யில்லை. பணம் திரும்பி வர இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன்.

அதிலிருந்து பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறேன். முத்திரைத் தாளைச் சாய்த்தால் ஓகே எழுத்தும் சரி அடையாளமும் நகர வேண்டும். பிறகு தேதி. எச்பி பெட்டியில் வாரண்டி முடியும் நாள் இருக்கும். கண்ணாடி அலமாரியில் வெயில் காய்ந்த பழைய சரக்கும் ஒரிஜினல்தான், அதை வைத்து என்ன செய்வது? அதிகாரபூர்வக் கடையில் எனக்கு இதுவரை பழைய தேதி வந்ததில்லை. இரண்டு கறுப்பு சேர்ந்த பேக்கை 11.11 (நவம்பர் 11) மாதிரி இணையத் தள்ளுபடி விற்பனை நாளில் எடுத்தால் தபால் செலவும் மிச்சம். பார்சல் தோட்ட ஆபிசில் கிராணி (எழுத்தர்) மேசையில் இறங்கும். ஒரு பேக்குக்கு மேல் வாங்கி அடுக்குவதில்லை.

பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் டேங்க் பிரிண்டர் வாங்கு என்பார்கள். எப்சன் 003 கறுப்பு பாட்டில் ஒன்றுக்கு 4,500 பக்கம் என்கிறது நிறுவனம். எங்கள் 680 கறுப்புக்கு 480தான். தங்கை வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்: பள்ளி விடுமுறையில் சும்மா கிடந்தால் மை காய்ந்து, தாளில் மையைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்கிறது. அந்த ஹெட் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. 680-இல் ஹெட் கார்ட்ரிட்ஜோடு வருவதால், அடைத்தால் புதிதை மாட்டி வேலையைப் பார்க்கலாம். தினமும் கட்டுக் கட்டாக அடிப்பவருக்கு டேங்க்தான் லாபம்.

கறுப்பை 40 வெள்ளிக்கு வாங்கினேன், பக்கத்துக்கு எட்டு சென் சொச்சம். கலரில் 150 பக்கம்தான் வரும். அதனால் எல்லாம் கறுப்பு வெள்ளையில். ஆகஸ்டில் மட்டும் இந்தச் சிக்கனம் நடக்காது: பள்ளிக்கு ஜாலோர் கெமிலாங் (மலேசியக் கொடி) படம் வேண்டும், சிவப்புக் கோடு கொஞ்சம் வெளிறினாலும் மகள் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.