வால்வு செட்டிங்குக்கு எந்த ஃபீலர் கேஜ்? நேர்த் தகடா, முனை வளைந்ததா

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் கருவிக் கடையில் ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) கேட்டால் முதலில் எடுத்துத் தருவது 32 தகடு கொண்ட நேர்க் கட்டுதான். 0.04 மி.மீ. முதல் 0.88 மி.மீ. வரை இருப்பதால் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஏடிவி (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) அல்லது சின்ன மோட்டார்சைக்கிளின் வால்வு இடைவெளி பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முனை வளைந்த, படி வைத்த 12 தகட்டுக் கட்டைக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் கொடுக்கலாம்.

காரணம் அந்தத் துளை. பல எஞ்சின்களில் வட்ட மூடியைக் கழற்றினால் கிடைக்கும் சிறிய வாய் வழியாகத்தான், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கையின் திருகுக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே தகட்டைச் செருக வேண்டும். நேர்த் தகடு அங்கே வில்லாக வளைந்து துளை விளிம்பில் உரசும். அந்த உரசலை இடைவெளியின் பிடிப்பு என்று விரல் நினைத்துக்கொள்ளும். இறுக்கமாக இருக்கிறது என்று நம்பித் திருகைத் தளர்த்துவோம், பிறகு எஞ்சின் டக டக என்று தட்டும். முனை வளைந்த தகடு நேராக உள்ளே படுக்கும். அப்போது கிடைப்பதுதான் உண்மையான பிடிப்பு: தேக்காவில் பூக்கட்டுபவர் விரலிடுக்கில் நூல் வழுகுமே, அந்த அளவு இழுப்பு.

படி வைத்த தகட்டின் நுனி மெல்லியது, பின்பகுதி தடிமன். ஹோண்டா ராஞ்சர் 420 ஏடிவிக்கு இன்டேக் (உள்ளிழுக்கும் வால்வு) 0.15, எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும் வால்வு) 0.23 மி.மீ. இன்டேக்குக்கு நுனி 0.13, பின்பகுதி 0.18 உள்ள தகட்டை எடுத்தால், நுனி நுழைந்து பின்பகுதி நின்றுவிட வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்கு 0.20, 0.25. விரல் உணர்வை மட்டும் நம்பி முடிவெடுக்கத் தேவையில்லை. புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய உதவி. பழைய ஹோண்டா கப் வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கட்டு போதாது. அங்கே இடைவெளி 0.05 தான், அதற்கு நேர்க் கட்டிலிருந்து 0.05 தகட்டைத் தனியாகக் கழற்றிப் பயன்படுத்துங்கள். அது ஒருமுறை மடங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான், மடிப்பு விழுந்த தகடு தடிமனாகக் காட்டும். இரண்டு தகட்டைச் சேர்த்து அளவு கூட்டுவதும் வேண்டாம். நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம் கணக்கில் சேர்ந்துவிடும்.

வாங்கும்போது தகட்டில் எண் பொறித்திருக்கிறதா, வெறும் அச்சா என்று பாருங்கள். அச்சு எண்ணெய் பட்டால் அழியும். நம் ஊர் ஈரத்துக்கு கார்பன் ஸ்டீல் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப் புள்ளி விழுந்த மெல்லிய தகட்டை நம்பக் கூடாது. துடைத்து எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எஞ்சின் சூடாக இருந்தால் அளவு தப்பும். ஹோண்டா சொல்வது 35 டிகிரிக்குக் கீழ். இங்கே மத்தியான வெயிலில் நின்ற வண்டி ஓடாமலே அதைத் தாண்டிவிடும்; ராத்திரி நிறுத்தி, விடியற்காலையில் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி ஊதிச் சுத்தம் செய்த பிறகே அதைக் கழற்றுங்கள், எஞ்சின் லேசாகச் சுற்றும். எஞ்சின் சுழலும் திசையிலேயே சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் ‘டி’ கோட்டைக் குறிக்கு நேராக நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், ஸ்டார்ட் செய்ய எளிதாக அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரெஸர் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கி ஏமாற்றலாம். மறுபடி இரண்டு முழுச் சுற்று சுற்றி வாருங்கள்.

கோடு நேராக வந்தாலே போதும் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடவில்லை என்றால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக், அதாவது புகை வெளியேறும் கட்டம், முடியும் இடம். இன்னும் ஒரு முழுச் சுற்று போக வேண்டும். அங்கேயே செட் செய்தால் இடைவெளி தாறுமாறாகப் பெரிதாகிவிடும்.

அடுத்தது திருகை நகராமல் பூட்டும் லாக் நட். அதை இறுக்கும்போது திருகும் கூடவே நகரும். திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கி, தகட்டை மறுபடி செருகிப் பாருங்கள். முதல் தடவையே சரியாக வருவது அபூர்வம்.

சத்தம் வரவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். வால்வு, தான் மூடி உட்காரும் வளையமான சீட்டுக்குள் மெல்லப் புதையும்போது இடைவெளி குறையும், சத்தமும் குறையும். இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, சூட்டை சீட்டுக்குக் கொடுக்க முடியாமல் விளிம்பு கருகும். சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள். மூடியைப் போடும்போது கடினமாகிப்போன ஓ-ரிங்கை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, புதியதில் எண்ணெய் தடவிப் பொருத்துங்கள்.