இந்து திருமணச் சட்டமா, சிறப்புத் திருமணச் சட்டமா?

தமிழ்நாட்டில் பதிவு என்றதும் பலர் குழம்புவது இங்கேதான்.

யாருக்கு: முன்னதற்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்). பின்னதற்கு மதம் தடையில்லை.

முன் அறிவிப்பு: முன்னதில் தேவையில்லை. தாலி கட்டிவிட்டு 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதியலாம். சுயமரியாதைத் திருமணமும் 7அ பிரிவின்படி செல்லும்.

பின்னதில், மணம் செய்யப்போவதாகத் திருமண அலுவலரிடம் கொடுக்கும் அறிவிப்புதான் முதல் படி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான பின் ஆட்சேபத்துக்கு 30 நாள். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் முடியாவிட்டால் புது அறிவிப்பு கொடுக்க வேண்டும். மண்டபத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபம் ஆகாது. வயது, ஏற்கெனவே உள்ள துணை, தடுக்கப்பட்ட உறவு போன்றவையே ஆகும். ஆனால் அறிவிப்புப் பலகையை யாரும் பார்க்கலாம், அதையும் யோசியுங்கள். சாட்சிகள் மூவர்.

இரண்டிலும் இழுத்தடிப்பது பெயர்தான்: ஆதாரில் ஒரு இனிஷியல், சான்றிதழில் வேறொன்று. முதலில் அதைத் திருத்துங்கள்.

இருவரும் இந்து, நாள் நெருக்கடி என்றால் முன்னது போதும். மதம் வேறு, மாறவும் விருப்பமில்லை என்றால் பின்னது. மூன்று மாதக் கணக்கைக் காலண்டரில் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.