குழுக்களில் பரப்பித் தருகிறோம் என்றவரிடம் ரூ. 38,500 இழந்தேன்: அஃபிலியேட் வலைப்பூ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு ஈரோட்டில் ஒரு பேக்கரியின் மாடிப்படியில் ஏறி, பூட்டிக் கிடந்த ஒரு கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று மாதம் முன்பு உட்கார்ந்திருந்தவரிடம் நான் கொடுத்த பணம் ரூ. 38,500. சமூக ஊடகக் குழுக்களில் உங்கள் வலைப்பூவைப் பரப்பி அஃபிலியேட் விற்பனையை (நாம் கொடுக்கும் இணைப்பு வழியாக நடந்து, நமக்குக் கமிஷன் தரும் விற்பனையை) கூட்டித் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய பணம் அது. புகார் கொடுத்திருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை எழுதினாலும் நாளைக்கே வேறு பெயரில் வேறு மாடியில் பலகை மாட்டிவிடுவார்கள் என்பதால், அவர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படிச் செய்வார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் பவானியில் இருக்கிறேன். கணவருக்கு ஜமக்காள வியாபாரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் இரண்டரை ஆண்டுகளாகச் சமையலறைக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். சாய்த்து ஊற்றும் கிரைண்டர் வாங்கலாமா, மேசையில் வைக்கும் கிரைண்டர் போதுமா, கல் தேய்ந்தால் என்ன செய்வது, பெல்ட் நழுவினால் எப்படி மாற்றுவது என்பது போன்ற கட்டுரைகள். கோயமுத்தூர் பக்கத்துக் கிரைண்டர்களை நம் வீடுகளில் பயன்படுத்திப் பார்த்தே எழுதினேன். கட்டுரையில் இருக்கும் இணைப்பைத் தொட்டுக் கடைத் தளத்துக்குப் போய், 24 மணி நேரத்துக்குள் யாராவது பொருள் வாங்கினால், நூற்றுக்கு நான்கு ரூபாய் எனக்குக் கமிஷன் வரும். நாளொன்றுக்கு அறுபது, எழுபது பேர் படித்தார்கள். மாதம் ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை வந்தது. சிறிய தொகைதான், ஆனாலும் அது என் உழைப்பில் வந்த பணம்.

அந்த ஆளின் விளம்பரத்தை, பெண்கள் சிறுதொழில் குழு ஒன்றில் பார்த்தேன். எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. நேரில் பார்த்துப் பேசினால்தான் பணம் கொடுப்பேன் என்று சொன்னதற்குக்கூட அவர் தயங்கவில்லை. வைகாசியில் ஒரு புதன்கிழமை போனேன். கீழே பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அவர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் என் கட்டுரை திறந்திருந்தது. "பெல்ட்ட மாத்தறதுக்கு முன்னால ஈரத்தத் தொடைக்கோணும்னு எழுதியிருக்கீங்க பாருங்க்கா, இதயெல்லாம் யாருங்க எழுதறாங்க? உங்களுக்கு நெம்பப் பேரு வந்திருக்கோணும், ஆளு சேரல, அவ்வளவுதானுங்க" என்றார். இரண்டரை ஆண்டுகளில் என் எழுத்தை வரி வரியாகப் படித்துவிட்டு என்னிடம் பேசிய முதல் ஆள் அவர். என் கணவர்கூட அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்ததில்லை. பிறகு பவானியில் எந்தப் பக்கம் என்று கேட்டார். கூடுதுறைக்குப் பக்கம் என்றதும், "எங்க அம்மாயி ஊரு அம்மாபேட்டைங்க்கா, அப்ப நாம பக்கத்து ஊருதானுங்க" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

ஏமாற்று வேலையை எங்கள் ஊர்க்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணையில் பணத்தைக் கட்டிவிட்டு நின்ற குடும்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன். இவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "வருமானத்துக்கு நான் பொறுப்பில்லைங்க்கா, ஆளக் கொண்டாந்து உடறதுதான் என் வேல" என்றார். அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் இலவசமாகச் செய்து காட்டினார். அந்த மூன்று நாளில் என் கணக்கில் மூன்று விற்பனைகள் பதிவாயின. வழக்கமாக ஒரு வாரத்தில் நடப்பது மூன்று நாளில் நடந்ததைப் பார்த்து, அன்று மாலையே முன்பணமாக ரூ. 5,000, அடுத்த வாரம் ஏலச்சீட்டு எடுத்த பணத்திலிருந்து ரூ. 33,500, மொத்தம் ரூ. 38,500 யுபிஐயில் அனுப்பினேன். அவர் நீட்டிய கியூஆர் அட்டையில் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வேண்டும் என்றேன். "நாளைக்கே குடுத்தர்றனுங்க்கா" என்றார். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

அந்த மூன்று விற்பனைகளும் பத்து நாளுக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் கழிக்கப்படும் என்பதால் அறிக்கையில் அது தெரிந்தது. அவர்களே வாங்கி, அவர்களே திருப்பிவிட்டார்கள் என்றுதான் இப்போது நம்புகிறேன்.

அவர் சொன்ன கணக்கை அன்றே போட்டுப் பார்க்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. 500 குழுக்களில் பதிவு, அதில் 20 வாட்ஸ்அப் குழுக்கள், அந்த இருபதில் மட்டும் ஒரு லட்சம் பேர் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் அதிகபட்சம் 1,024 பேர்தான் இருக்க முடியும். இருபதும் நிரம்பி வழிந்தாலும் 20,480 பேர். மீதி எண்பதாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் விற்றால் எனக்குக் கிடைப்பது இருநூறு ரூபாய். ரூ. 38,500 திரும்பி வரவேண்டுமானால் 193 வீடுகளில் என் இணைப்பு வழியாகக் கிரைண்டர் வாங்கியாக வேண்டும். ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கு, அதைப் போடவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, என் சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்தது. உள்ளூர்ப் பெண்ணின் பெயரில் பதிவு போனால்தான் அட்மின்கள் அனுமதிப்பார்கள் என்று காரணம் சொன்னார், நானும் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் பெயரில், என் படத்துடன், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது குழுக்களில் ஒரே பதிவு போய் விழுந்தது. காங்கேயம் மாடு வாங்க விற்க இருக்கும் குழு ஒன்றில், ஒரு சோடி காளைகளின் படத்துக்கும் பால்மாடு கேட்டு ஒருவர் போட்டிருந்த பதிவுக்கும் நடுவில் என் கிரைண்டர் கட்டுரை இருந்தது. அதன் கீழே ஒரு பெரியவர், "மாட்டு யாவாரம் பண்ற எடத்துல எதுக்கு அம்மிணி இதயெல்லாம் கொண்டாந்து போடறீங்க?" என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம். பழைய பைக் விற்கும் குழு, வேலைவாய்ப்புக் குழு, வீட்டுமனைக் குழு என்று எங்கெல்லாமோ போட்டிருந்தார்கள். "இன்று மட்டும் பாதி விலை" என்று நான் எழுதாத பொய்யையும் மேலே சேர்த்திருந்தார்கள்.

இந்த இணைப்பு வழியாக வாங்கினால் எனக்குச் சிறு தொகை கிடைக்கும் என்று ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் எழுதுவது என் வழக்கம். விளம்பரத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன. சில குழுக்களில் அவர்கள் என் கட்டுரைக்குப் பதிலாக என் அஃபிலியேட் இணைப்பையே சுருக்கி, எங்கே போகிறது என்று தெரியாதபடி நேராக ஒட்டினார்கள். அந்த ஒரு வரியும் போயிற்று.

இத்தனை செய்தும் வந்தவர்கள் யார்? முதல் மாதத்தில் 11,400 வருகைகள் என்று எண்ணிக்கை காட்டியது. திறந்து பார்த்தால் அதில் பெரும்பகுதி இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வந்து, இரண்டு விநாடிகூட நிற்காமல் போனவை. பெல்ட் மாற்றும் கட்டுரையில் ஒரு உண்மையான வாசகர் மூன்று நான்கு நிமிடம் நிற்பார், ஏனென்றால் அவர் கிரைண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறார். 11,400 வருகைகளில் இவர்கள் வழியாக ஒரு விற்பனைகூட இல்லை.

அழைத்துக் கேட்டபோது, எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதம் மாறிவிட்டது என்றார். அடுத்த வாரம், "ஆடி மாசமுங்க்கா, யாரு பொருளு வாங்கறாங்க, ஆவணி பொறக்கட்டும்" என்றார். ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு ஈரோட்டுக் கடைகளில் நிற்கும் கூட்டத்தை அறியாதவளா நான்? அதையே திருப்பிக் கேட்டதும் வேறு அழைப்பு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். பிறகு ஆடிட்டர் ஊரில் இல்லை என்றார். பிறகு சார் கோயமுத்தூரில் மீட்டிங்கில் இருக்கிறார் என்று ஒரு பெண் எடுத்துச் சொன்னாள். ஒரு நாள், "நீங்க எழுதறது பழைய ஸ்டைலுங்க்கா, அதான் ஆளு நிக்கறதில்ல" என்றார். வைகாசியில் என் பெல்ட் கட்டுரையை வரி வரியாகப் புகழ்ந்த அதே வாய். அந்த வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருந்த குழுவில், எனக்கு ரூ. 38,500க்குக் கணக்குக் காட்டுங்கள் என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினார்கள். அன்று இரவு என்னை நீக்கினார்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று மாமியாரைக் கூட்டிக்கொண்டு கூடுதுறைக்குப் போயிருந்தேன். தாலிக்கயிறு மாற்றக் காத்திருக்கும் பெண்களின் வரிசையில் நிற்கும்போது கடைத் தளத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. செயற்கையான கிளிக்குகள், மூலத்தை மறைத்த இணைப்புகள் ஆகிய காரணங்களால் என் அஃபிலியேட் கணக்கு மூடப்பட்டது, நிலுவையில் இருந்த ரூ. 4,760 தரப்படாது. அதற்குள் சமூக ஊடகத்திலும் என் கணக்கை முடக்கி, என் வலைப்பூ முகவரியையே தேவையற்ற விளம்பரம் என்று குறித்துவிட்டார்கள். இன்றைக்கு என் தங்கை அந்த முகவரியைப் பகிர நினைத்தாலும் முடியாது.

பணத்தைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. கோபியில் ஒரு அக்கா நடத்தும் சமையல் குழுவில், யாராவது கிரைண்டரைப் பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்வேன். அவர் அனுமதித்து, சனிக்கிழமை மட்டும் என் கட்டுரை ஒன்றைப் பகிர்வேன். அதிலிருந்து நாற்பது பேர் வருவார்கள், இரண்டு பேர் வாங்குவார்கள். கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைத்தது, எனக்கு நானூறு ரூபாய் கிடைத்தது, யாருக்கும் தொந்தரவு இல்லை. குழுக்களால் அஃபிலியேட் விற்பனை நடக்கும் என்றால் இப்படித்தான் நடக்கும் என்பது என் அனுபவம். அந்தக் குழுவிலும் இவர்கள் ஒரே நாளில் பதினோரு முறை பதிவைப் போட்டிருந்தார்கள். "ஏங் கண்ணு இப்படிப் பண்ணிப்போட்ட?" என்று அந்த அக்கா கேட்டுவிட்டு என்னை நீக்கினார். நடந்ததைச் சொன்னேன், நம்பினார், ஆனால் மற்ற உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று திரும்பச் சேர்க்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நேற்று அந்த மாடிக்குப் போனபோது பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டதாகக் கீழே பேக்கரிக்காரர் சொன்னார். இந்த வாரத்தில் விசாரித்து வந்த நான்காவது ஆள் நான் என்றும் சொன்னார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன் மாற்றுங்கள். தனி ஆளின் பெயரில் இருக்கும் கியூஆருக்குத் தொழில் பணம் அனுப்பாதீர்கள். எந்தெந்தக் குழுக்கள் என்று பெயர்ப் பட்டியலைக் கேட்டு, அந்த அட்மின்களிடம் நீங்களே பேசுங்கள். பட்டியல் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பரப்புவதற்கு ஆள் வைத்தால் அவருக்குத் தனி டிராக்கிங் ஐடி போட்டுக் கொடுங்கள், எது யாரால் வந்தது என்று தெரியும். முதல் விற்பனைகள் திரும்பி வருகின்றனவா என்று ஒரு மாதம் பாருங்கள். பணம் போய்விட்டால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். நான் இரண்டு மாதம் தாமதித்தேன், அந்தத் தாமதத்தில் பணம் எங்கே போனதோ தெரியாது. நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தொழிலுக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடும், பிழைப்புக்காக நாமே செய்யும் சுயதொழில் என்றால் சட்டம் நம்மை நுகர்வோராகவே பார்க்கிறது, அதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

வெள்ளைத்தாள் ரசீதையும், இரண்டு யுபிஐ பரிமாற்ற எண்களையும், அந்த மாட்டுக் குழுப் பதிவின் படத்தையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை எட்டரை மணிப் பேருந்தில் மறுபடி ஈரோடு போகிறேன். என்னைப் போல விசாரித்து வந்த மற்ற மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே முன்னெடுப்போம்.