கோழி இல்லாத மாட்சோ உருண்டை சூப்: எந்தச் சாறு கைகொடுக்கும்?

கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர் வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கும், புளித்த தானியம் தொடாத பஸ்கா பண்டிகை விருந்துக்கும் முதலில் வருவது பொன்னிறக் கோழி சூப். அதில் மிதப்பவை மாட்சோ உருண்டைகள். புளிப்பில்லாத அப்பமான மாட்சோவைப் பொடித்து, முட்டையும் கொழுப்பும் சேர்த்துப் பிடிப்பார்கள். கோழியை எடுத்துவிட்டு இதைச் சமைப்பது புதுமோகம் அல்ல. எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைந்து துக்கம் காக்கும், யூத நாட்காட்டியின் ஆவ் மாத முதல் ஒன்பது நாட்களில், ஓய்வுநாள் தவிர மற்ற நாட்களில் இறைச்சி தொடாத வழக்கம் அஷ்கெனாசிகளிடம் உண்டு. 1930களில் வில்னா நகரில் (இன்றைய வில்னியஸ்) ஃபானியா லெவாண்டோ இறைச்சியில்லா உணவகமே நடத்தினார். 1938இல் அஷ்கெனாசிகளின் மொழியான இத்திஷில் அதற்கான சமையல் நூலும் எழுதினார்.

கோழி இந்த சூப்புக்குத் தருபவை மூன்று: எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கி உதட்டில் லேசாக ஒட்டும் ஜெலட்டின், மேலே காசுகாசாக மிதக்கும் கொழுப்பு, நாவில் நிற்கும் ஆழம். மணத்தில் பெரும்பங்கு காய்களுடையது: கேரட், கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கான பார்ஸ்னிப், செலரி, வெங்காயம், கடைசியில் தூவும் சதகுப்பை இலை. ஆகவே கோழியின் மணத்தைப் போலியாக உண்டாக்க முயல வேண்டாம். ஜெலட்டின் தரும் உடலும் (கனமும்) கொழுப்பும் ஆழமும் எங்கிருந்து கிடைக்கும் என்று பார்த்தால் போதும். இங்கே ஒப்பிடும் மூன்று சாறுகளுக்கும் அளவுகோல் அதுதான்.

வெங்காயத்தோல் சாறு

3 லிட்டர் தண்ணீருக்கு 3 பெரிய வெங்காயம், 300 கிராம் கேரட், 200 கிராம் பார்ஸ்னிப், 4 செலரித் தண்டு, ஒரு லீக்ஸ், 6 பல் பூண்டு, 10 மிளகு, ஒரு பிடி பார்ஸ்லி தண்டு. ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தை எண்ணெயில்லாத சட்டியில் அழுத்தி வைத்துக் கரும்பழுப்பாகும்வரை சுட்டுப் போட வேண்டும். இரண்டு வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலைக் கழுவிச் சேர்த்தால் பொன்னிறம் தானாக வந்துவிடும். மூன்றாவதன் தோலையும் போட்டால் செம்பழுப்பாகிக் கசக்கத் தொடங்கும்.

தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் மட்டும் குமிழ் எழும் சூட்டில் 50 முதல் 60 நிமிடம். கோழிச் சாற்றைப் போல மூன்று மணி நேரம் வைப்பவர்கள் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். காய்கள் தர வேண்டியதை ஒரு மணி நேரத்தில் தந்துவிடும்; அதன்பின் இறங்குவது சோர்ந்த, மந்தமான வாடை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மிச்சங்களை இதில் போடவே வேண்டாம். கந்தக வாடை சாறு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சதகுப்பையை அடுப்பை அணைக்கும் முன் கடைசி 10 நிமிடத்தில் போட்டு, வடிகட்டும்போது காய்களைப் பிழியாமல் விட்டால் சாறு தெளிவாக இருக்கும்.

மணத்திலும் நிறத்திலும் இதுதான் கோழி சூப்புக்கு மிக அருகில் நிற்பது. ஆனால் உடல் கிடையாது. வெந்நீரைப் போலத் தொண்டையில் இறங்கிவிடும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்க விட்டால், தெளிவு பெரிதாகக் குறையாமல் கொஞ்சம் கனம் வரும். சோள மாவு போட்டால் கலங்கும்.

உலர் காளான் சாறு

30 கிராம் உலர் போர்சினி காளானை அரை லிட்டர் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மேல்நீரை மட்டும் துணியில் வடித்துச் சேர்ப்பார்கள். அடியில் மண் நிற்கும். அதைக் கலக்கி ஊற்றினால் சூப் பல்லில் நறநறக்கும். ஆழத்தில் இதற்கு ஈடு இல்லை. உலர் காளானிலுள்ள குவானிலேட் என்ற சுவைப்பொருள், காய்களிலுள்ள குளூட்டமேட் என்ற சுவைப்பொருளோடு சேரும்போது இரண்டின் சுவையும் பலமடங்கு எழும்.

ஆனாலும் மாட்சோ உருண்டைக்கு இந்தச் சாறு பொருந்தாது என்பதே எங்கள் முடிவு. நிறம் கருத்துவிடுகிறது, சதகுப்பையும் பார்ஸ்னிப்பும் காளானுக்குள் மூழ்கிவிடுகின்றன. போலந்து யூதர்களின் பார்லி சூப்புக்கு இது உரியது. அங்கே கோழியை யாரும் தேடுவதில்லை. மாட்சோ உருண்டைக்குக் காளானைத் துணையாக மட்டும் வையுங்கள்: மற்ற இரண்டு சாறுகளில் எதிலும் 3 லிட்டருக்கு 8 கிராம் உலர் ஷிடாகே காளான். காளான் என்று அடையாளம் தெரியாது, ஆழம் தெரியும்.

கொண்டைக்கடலைச் சாறு

200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, 3 லிட்டர் புதுத் தண்ணீரில் ஒன்றேகால் மணி நேரம் மெல்லச் சூட்டில் வேகவிட வேண்டும். நுரையை எடுத்துவிட்டு, மேலே சொன்ன அதே காய்களைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் போட வேண்டும். வெங்காயத்தோல் மட்டும் பாதி போதும். கடலை மெத்தென்று வெந்திருக்க வேண்டும், உடையக் கூடாது. உடைந்தால் சாறு மாவுக்கூழாகிவிடும். சீக்கிரம் வேக வேண்டுமென்று சமையல் சோடா போட்டால் சோப்பு வாடையும் கலங்கலும் மிஞ்சும்.

கடலையிலிருந்து இறங்கும் ஸ்டார்ச்சும் புரதமும் ஜெலட்டினுக்கு மிக நெருங்கிய கனத்தைத் தருகின்றன. கண்ணாடித் தெளிவு இராது, வெளிர்பொன்னாக லேசான மூட்டம் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வடித்த கடலையில் ஒரு பிடியைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டால் நன்றாக இருக்கும். ஈரானிய யூதர்களின் கோந்தி (உருண்டை) சூப்பிலும் கடலை உண்டு.

தடை ஒன்று இருக்கிறது. பருப்பு, பயறு, அரிசி வகைகளைப் பஸ்கா நாட்களில் உண்ணாத வழக்கம் அஷ்கெனாசிகளுடையது. ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதர்களில் பலருக்கு அது இல்லை; அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் சட்டக் குழுவும் 2015இல் இவற்றை அனுமதித்தது. அழைத்திருக்கும் விருந்தினர் எந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஐயமிருந்தால் வெங்காயத்தோல் சாறுதான். நிறத்துக்காகச் சோயா சாஸ் ஊற்றும் பழக்கமும் பஸ்காவில் கூடாது. அதில் புளித்த கோதுமை இருக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் எங்கள் தேர்வு ஐயமின்றிக் கடலைச் சாறு, உடன் 8 கிராம் ஷிடாகே.

கோழிச் சுவையூட்டிய, இறைச்சி சேராத சூப் பொடிகளும் கிடைக்கின்றன. ஒரு தேக்கரண்டி சேர்ப்பதில் தவறில்லை. அதை மட்டும் கரைத்தால் உப்பும் மஞ்சளும்தான் மிஞ்சும்.

உருண்டையும் கொழுப்பும்

பாதிப் பேர் சாற்றில் காட்டிய அக்கறையை உருண்டையில் விட்டுவிடுகிறார்கள். பழைய முறையில் கோழிக்கொழுப்பை வெங்காயத்தோடு உருக்குவார்கள். அந்த வறுத்த வெங்காய மணம்தான் உருண்டையின் உயிர். 200 மில்லி எண்ணெயில் இரண்டு வெங்காயத்தை மெலிதாக அரிந்து போட்டு, சிறுதீயில் 25 முதல் 30 நிமிடம் பொன்பழுப்பாகும்வரை விட்டு வடித்தால் அது கிடைத்துவிடும். கருகினால் எண்ணெய் முழுதும் கசக்கும். வெண்ணெயும் சுவைதான், ஆனால் சூப் பால்வகை ஆகிவிடும்; யூத உணவு விதி பாலையும் இறைச்சியையும் சேர்க்க விடாது என்பதால் இறைச்சி பரிமாறும் விருந்தில் வைக்க முடியாது. எண்ணெய் என்றால் எந்த விருந்துக்கும் ஒத்துப்போகும்.

4 முட்டை, 120 கிராம் மாட்சோ மாவு, 60 மில்லி வெங்காய எண்ணெய், 60 மில்லி சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு. மாவு கிடைக்காவிட்டால் மாட்சோ அப்பத்தை மிக்சியில் ரவைப் பதத்துக்குப் பொடிக்கலாம். கலந்து ஒரு மணி நேரம் குளிரூட்டியில் வையுங்கள். மாவு நீரைக் குடித்தால்தான் பிடிக்க வரும். ஈரக் கையால், அழுத்தாமல், 3 செ.மீ. உருண்டைகளாக்கி, லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்ட வேறொரு பாத்திரத்து நீரில் மூடிபோட்டு 35 நிமிடம். முதல் 20 நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். நடுவில் மஞ்சளாகக் கெட்டியாக இருந்தால் வேக்காடு போதவில்லை. சிதறினால் தண்ணீர் வேகமாகக் கொதித்திருக்கிறது. சூப்பிலேயே வேகவிட்டால் சாற்றைக் குடித்துக் கலக்கிவிடும். பரிமாற 10 நிமிடம் முன்பு சாற்றுக்கு மாற்றுங்கள்.

முட்டையும் வேண்டாம் என்பவர்கள் 120 கிராம் மாவுக்கு 250 கிராம் மெத்தென்ற டோஃபுவை மசித்து, 2 மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச், 3 மேசைக்கரண்டி எண்ணெய் சேர்க்கலாம். டோஃபு சோயா என்பதால் பஸ்காவில் மேலே சொன்ன தடை இதற்கும் உண்டு. இவற்றைக் கொதிநீரில் போட்டால் கரைந்துபோகும். ஆவியில்தான் 25 நிமிடம் வேகவிட வேண்டும். முட்டை உருண்டையின் மென்மை இதில் வராது, சற்றே அடர்த்தியாக இருக்கும்.

பரிமாறும்போது கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி வெங்காய எண்ணெயை மேலே விடுங்கள், காசுகாசாக மிதக்கும். மிஞ்சியதை உருண்டை வேறு, சாறு வேறாக எடுத்துவையுங்கள். கடலைச் சாறு குளிரூட்டியில் உறைந்து நின்றால் கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம், சூடாக்கினால் இளகிவிடும். சதகுப்பையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தூவ வேண்டும்.